ரீயூனியனைச் சுற்றும் செல்ஃப் டிரைவ் பேக்கேஜ்: வாங்கலாம், ஆனால் வரிசையை மாற்றி ஓட்டுங்கள்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்குப் போய் நாமே கார் ஓட்டிச் சுற்றலாம் என்று யோசிப்பவர்கள் இந்த மாதிரி பேக்கேஜை தாராளமாக வாங்கலாம். அவர்கள் கொடுக்கும் வரிசையிலும் நேரத்திலும் மட்டும் ஓட்ட வேண்டாம். விமர்சனம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு.

பணம் கட்டினால் கிடைப்பது ஒரு சின்ன கார், ஏற்கெனவே புக் செய்த அறைகள், எந்த நாள் எங்கே என்று அச்சடித்த வழிப்புத்தகம், ஃபோனில் ஏற்றிக்கொள்ள ஒரு ஆப். கார் எங்கே போகிறதென்று ஜிபிஎஸ்ஸில் பார்த்து ஆப் தானாகவே பேச ஆரம்பிக்கும். கைடு, டிரைவர் யாரும் வரமாட்டார்கள். ஓட்டியது நான். அங்கே சாலையில் வலப்பக்கம் போக வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் என்று தெரிந்த நிமிஷமே இவர் (என் கணவர்) “நீயே பார்த்துக்கோ” என்று புத்தகத்தையும் ஃபோனையும் எடுத்துக்கொண்டு பக்கத்து சீட்டுக்குப் போய்விட்டார். பின் சீட்டில் அத்தை, என் மாமியார். எழுபதைத் தாண்டியவர், சுத்த சைவம், மலைப்பாதை வளைவு ஆகவே ஆகாது. இந்த மூன்றையும் வைத்துத்தான் நான் எல்லாவற்றையும் எடைபோட்டேன், அதனால் இளவட்டங்களுக்கு என் கணக்கு கொஞ்சம் மாறலாம்.

வரைபடத்தில் பார்த்தால் தீவு சின்னது. 2,500 சதுர கிலோமீட்டர்தான். கடலோரமாகச் சுற்றிவரும் சாலை 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் தீவு மொத்தமும் இரண்டு எரிமலைகள் கடலுக்கடியிலிருந்து கட்டி எழுப்பியது. ஒன்று அடங்கிப்போன பித்தோன் தே நேஜ், 3,070 மீட்டர். இன்னொன்று பித்தோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர், உலகத்திலேயே அடிக்கடி வெடிக்கிற எரிமலைகளில் ஒன்று. கடலோரச் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் அந்த இடத்திலேயே ஏற்றம் ஆரம்பித்துவிடும். வழிப்புத்தகம் போட்டவர்கள் எல்லாவற்றையும் கிலோமீட்டரில் எழுதியிருக்கிறார்கள். “இன்று 74 கி.மீ., ஓய்வான நாள்” என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. அது சிலாவோஸ் என்ற மலை ஊருக்குப் போய் வரும் நாள். அத்தையைக் கேட்டுப் பாருங்கள் ஓய்வா என்று.

காரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கியர் வண்டி. ஆட்டோமேடிக் வேண்டுமென்றால் வெகு முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும், சொன்னாலும் கிடைக்கும் என்று நிச்சயமில்லை. கவுன்டரில் டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டுதான் கேட்டார்கள், டெபிட் கார்டை வாங்கவில்லை. பேக்கேஜ் விற்றவர்கள் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் இதனாலேயே அரைமணி நேரம் அல்லாடியது. காப்பீட்டுத் தாளில் டயரும் வண்டியின் அடிப்பாகமும் சேராது என்று பொடி எழுத்தில் இருந்தது. எரிமலைக்குப் போகும் வழியில் இது ஞாபகத்துக்கு வரும். நல்ல விஷயம், தீவில் எங்கேயும் டோல் கிடையாது. பெட்ரோல் விலையை மாதாமாதம் அரசு நிர்ணயிப்பதால் எல்லா பங்க்கிலும் ஒரே விலை. தேடி அலைய வேண்டாம். விசா விஷயத்தில் மட்டும் கவனம். 1946 முதல் இது பிரான்ஸின் மாவட்டம், செலவழிப்பது யூரோ, ஆனாலும் ஒரே விசாவில் ஐரோப்பிய நாடுகளைச் சுற்றும் செங்கன் பகுதியில் சேராது. விண்ணப்பிக்கும்போதே ரீயூனியன் என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

பேக்கேஜ் உங்களை கடிகாரச் சுற்றில் அனுப்புகிறது. வடக்கே சென் தெனியில் ஆரம்பித்து கிழக்கு, தெற்கு, கடைசியில் மேற்கு. இதுதான் என் முதல் புகார். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் கடிகாரச் சுற்றாகப் போனால் கடல் இடப்பக்கம், எதிர்வரும் வண்டிகளுக்கு அந்தப்புறம். கடலைப் பார்க்க நிறுத்தும் இடங்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கம்தான். ஒவ்வொரு தடவையும் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்று, எதிரே இடைவெளி கிடைத்ததும் குறுக்கே வெட்டித் திரும்ப வேண்டும். பின்னால் ஹாரன். எதிர்ச்சுற்றில் போனால் கடல் நம் பக்கத்திலேயே இருக்கும், நைசாக ஒதுங்கி நிறுத்திவிடலாம். சரி, நாமே மாற்றி ஓட்டினால் என்ன என்றால் ஆப் விடாது. கதையை கடிகாரச் சுற்றுக்கு மட்டுமே பதிவு செய்திருக்கிறார்கள். எதிரே வந்தால் “இப்போது நீங்கள் பார்த்த தேவாலயம்” என்று தேவாலயம் வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும்.

நாங்கள் போனது ஆகஸ்டில். அங்கே அது குளிர்காலம், மழையும் குறைவு. அதோடு கரும்பு வெட்டும் பருவம். கிழக்குச் சாலையில் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஆலை வரைக்கும் அதன் பின்னாலேயே ஊர வேண்டியதுதான். ஜூலையிலிருந்து டிசம்பர் வரை இப்படித்தான். வழிப்புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கிழக்கில் சென்த் சுசான் பக்கம் ஆப் சொன்ன கதை அருமையாக இருந்தது. வனிலாக் கொடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அங்கே அதன் மகரந்தத்தைச் சேர்க்கும் பூச்சி இங்கே இல்லாததால் பூ பூத்தும் காய்க்காமல் கிடந்தது. 1841-ல் எட்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு குச்சியையும் கட்டைவிரலையும் வைத்து மகரந்தத்தைச் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தான். இன்றைக்கும் தோட்டங்களில் அப்படித்தான் ஒவ்வொரு பூவாகச் செய்கிறார்கள். இதை ஆப் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறது. இவர் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அத்தை “பன்னெண்டு வயசுக் குழந்தையா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அதே ஆப் அடுத்த ஊரான சென் ஆந்த்ரேயில் கொலோஸ் கோயிலைத் தாண்டும்போது “வண்ணமயமான இந்துக் கோயில், புகைப்படம் எடுக்க ஏற்ற இடம்” என்று சொல்லிவிட்டு இசையைப் போட்டுவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. 1848 டிசம்பர் 20-ல் இங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் பேரன் பேத்திகளின் பேரன் பேத்திகள் கட்டிக் காப்பாற்றும் கோயில்கள் இவை. இன்னும் தீ மிதிக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். வழியெல்லாம் கடைப் பலகைகளில் ராமசாமி, முத்துசாமி என்று பிரெஞ்சு எழுத்தில் பெயர்கள். வனிலாவுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியாவது இதற்குக் கொடுத்திருக்கலாம்.

வழிப்புத்தகம் ஒதுக்கிய பதினைந்து நிமிஷத்தை நாங்கள் கண்டுகொள்ளவில்லை. உள்ளே புடவை கட்டிய ஒரு அம்மா பூ தொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்கு பிரெஞ்சு தெரியாது. இருவரும் அவரவர் மொழியில் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் அந்த அம்மா கோயிலுக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு முருங்கை மரத்தைக் காட்டி, ஒரு கொத்து கீரையை ஒடித்து அத்தை கையில் கொடுத்தார். “ஏம்மா, இதை எங்கே வச்சு சமைக்கிறது?” என்று அத்தை என்னைப் பார்த்தார். அன்று தங்கிய வீட்டில் சமையலறை இருந்தது, அது பேக்கேஜின் புண்ணியம். அறைகளில் பாதி இப்படி அடுப்போடு கூடியவை. சைவக்காரர்கள் புக் செய்யும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சலாசி பள்ளத்தாக்கை வேகமாகத் தாண்டுகிறேன். அருவிகள், வழிநெடுக சௌசௌப் பந்தல், மேலே எல்பூர் என்ற அழகான மலை கிராமம். சாலையும் அத்தனை மோசமில்லை. மதியம் போனால் மேகம் இறங்கி எதுவும் தெரியாது. எங்களை மதியம்தான் அனுப்பினார்கள்.

இந்தப் பயணத்தில் காசு கொடுத்தது தகும் என்று எனக்குத் தோன்றிய இடம் தென்கிழக்கு. எரிமலையின் உச்சியைச் சுற்றி ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அதற்குக் கிழக்கே சுவர் இல்லை. அதனால் உள்ளே வழியும் லாவா பெரும்பாலும் அந்தத் திறப்பு வழியாகவே கடலை நோக்கி இறங்கும். அந்தச் சரிவுக்கு கிரான் ப்ரூலே என்று பெயர், அங்கே யாரும் குடியிருப்பதில்லை. தேசிய நெடுஞ்சாலை 2 அதன் குறுக்கே போகிறது. லாவா வந்து சாலையை மூடும், ஆறியதும் அதன் மேலேயே புதுச் சாலை போடுவார்கள். சாலையோரத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஆண்டு எழுதிய பலகை நிற்கிறது. காரில் போகப் போக ஆண்டுகள் மாறும்.

இங்கே ஆப் நிஜமாகவே நன்றாக வேலை செய்தது. பலகை வருவதற்குச் சற்று முன் பேச்சை ஆரம்பித்து, எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டது. 2007 பலகை அருகே நிறுத்தி இறங்கினோம். அந்த ஏப்ரலில்தான் உச்சியிலிருந்த தொலோமியு பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கியது. கீழே லாவா சாலையை மூடிக் கடலில் விழுந்து தீவுக்குப் புதிதாக நிலம் சேர்த்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் மழை பெய்தால் அந்தப் பாறையிலிருந்து ஆவி கிளம்புமாம். இப்போது தொட்டால் சாதாரணக் கல்தான். சில இடங்களில் வழவழவென்று முறுக்கி மடிந்து கிடக்கிறது, பக்கத்திலேயே செருப்பைக் கிழிக்கிற மாதிரி கரடுமுரடான கட்டிகள். குனிந்து பார்த்தால் கருப்புக்கு மேலே சாம்பல் வெள்ளையில் ஒரு பாசிப் படலம். லாவாவில் முதலில் குடியேறுவது அந்த லைக்கன்தான். அடுத்தது பெரணி. வெடிப்பில் கொஞ்சம் ஈரம் நின்ற இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பெரணி சுருள் விரித்துக்கொண்டிருந்தது. இன்னும் பழைய ஆண்டுப் பலகைகளுக்குப் போனால் புதர், அதையும் தாண்டினால் மரம். காரை மெதுவாக ஓட்டிக்கொண்டே ஒரு காடு உண்டாகும் வரிசையைப் பார்த்துவிடலாம். இதை எந்த கைடும் இவ்வளவு நேரம் நிற்க விட்டுக் காட்டியிருக்கமாட்டார். செல்ஃப் டிரைவ் என்பதற்கு அர்த்தம் எனக்கு இங்கேதான் இருந்தது.

இதற்குக் கொஞ்சம் வடக்கே பித்தோன் சென்த் ரோஸில் நோத்ர் தாம் தே லாவ் தேவாலயம். 1977-ல் லாவா வழக்கமான பள்ளத்துக்கு வெளியே வெடித்துக் கிளம்பி ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. மக்களை முன்னரே வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை, வீடுகள் போயின. தேவாலயத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டது. கட்டி கட்டியாக இன்னும் சுவரோரம் கிடக்கிறது, பக்கத்திலேயே போய்ப் பார்க்கலாம். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்.

அடுத்தது எரிமலை உச்சி. இதில்தான் கால அட்டவணையின் லட்சணம் முழுசாகத் தெரிந்தது. புத்தகம் சொல்வது: எட்டு மணிக்குக் காலைச் சிற்றுண்டி, ஒன்பதுக்குக் கிளம்பல், பத்துக்கு பா த பெல்கோம்ப் காட்சி முனை. முந்தின இரவு எரிமலைக்குப் போகும் வழியிலுள்ள பூர் முரா என்ற ஊரில் தங்கியிருந்தோம். வீட்டுக்காரர் எங்கள் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பத்து மணிக்கு மேகத்தைத்தான் பார்ப்பீர்கள், ஐந்தரைக்குக் கிளம்புங்கள் என்றார். சிற்றுண்டியைப் பொட்டலமாகக் கட்டியும் கொடுத்தார். கடல்காற்று வெயில் ஏற ஏற ஈரத்தைத் தூக்கிக்கொண்டு மலையில் ஏறும், காலை ஒன்பது பத்துக்கெல்லாம் மேலே மூடிவிடும். அநேகமாக எல்லா நாளும் இதே கதை. இந்தத் தீவில் மலை சம்பந்தப்பட்ட எதற்கும் இதுதான் விதி, பேக்கேஜ் போட்டவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. ஹோட்டல் சிற்றுண்டி நேரத்தை வைத்து அட்டவணை போட்டிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

இருட்டில் ஹெட்லைட் போட்டு ஏறினோம். பூர் முராவைத் தாண்டினால் பெட்ரோல் பங்க் கிடையாது, கடையும் கிடையாது. வழியில் கொமெர்சோன் பள்ளம் வரும். 2007 பிப்ரவரி புயலில் மூன்றே நாளில் 3,930 மில்லிமீட்டர் மழை பெய்து உலக சாதனையான இடம். ஆப் அதைச் சொன்னபோது இவர் நம்பாமல் இரண்டு தடவை போட்டுக் கேட்டார். அப்புறம் மலை விளிம்பில் சாலை திடீரென்று முடிந்த மாதிரி இருக்கும். கீழே பிளேன் தே சாப்ல். செம்பழுப்புக் கற்பொடியும் சாம்பலுமாக மரமே இல்லாத சமவெளி, நடுவே நாங்கள் போக வேண்டிய பாதை ஒரு கோடு. அந்தச் சமவெளியில் தார் இல்லை, குழிகள்தான். முதல் கியர், இரண்டாவது கியர், அவ்வளவே. காப்பீட்டில் அடிப்பாகம் சேராது என்று சொன்னேனே, இங்கேதான்.

மேலே போனபோது புல்லில் உறைபனி. அத்தைக்கு இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் என் சால்வை. வெப்ப மண்டலத் தீவு என்று நினைத்து மெல்லிய துணிகளாக மட்டும் கொண்டுபோகாதீர்கள். காட்சி முனை 2,311 மீட்டரில் இருக்கிறது. எட்டிப் பார்த்தால் செங்குத்தான சுவர், அடியில் கருப்பு லாவாத் தரை, அதில் ஃபொர்மிகா லியோ என்ற சின்னச் சிவப்பு மேடு, எதிரே எரிமலையின் அகன்ற முதுகு. துளி மேகம் இல்லை. அத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “நெருப்பு எங்கேம்மா?” என்றார். இல்லை அத்தை, இப்போது வெடிக்கவில்லை என்றேன். வெடித்தால் கீழே இறங்கும் படிக்கட்டுக் கதவையே பூட்டிவிடுவார்கள், இங்கிருந்து இவ்வளவு நிம்மதியாகப் பார்க்க முடியாது என்று இவர் விளக்கினார். அத்தைக்கு அதில் திருப்தி இல்லை. ஆப் வேறு அந்த நேரம் பார்த்து டமடமவென்று சினிமா இசை போட்டு எரிமலை உறுமும் சத்தத்தை ஓடவிட்டது. அணைத்துவிடுங்கள். அந்த இடத்தில் காற்றைத் தவிர சத்தமே இல்லை, அதுதான் அங்கே விசேஷம்.

நாங்கள் இறங்கி வரும்போது ஒன்பதரை. எதிரே சுற்றுலா கார்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. சமவெளி பாதி மூடியாகிவிட்டது.

சிலாவோஸ் சாலைக்கு 400 வளைவு என்று பெயர். 37 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு வண்டி மட்டும் நுழையும் சுரங்கங்கள் உண்டு. உள்ளே எதிர்வண்டி விளக்கு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு நுழைய வேண்டும். திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன் அடியுங்கள், பேருந்து வந்தால் அதன் டிரைவர் கைகாட்டும் இடத்தில் ஒதுங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர் ஓட்டுநர்கள் பொறுமைசாலிகள், நம்மைத் திட்டுவதில்லை. ஆப் இங்கே பிரயோஜனமில்லை. மலைச்சுவர்களுக்கு நடுவே ஜிபிஎஸ் தடுமாறி, தாண்டிவந்த அருவியைப் பற்றிப் பிறகு பேசுகிறது. சிக்னலும் விட்டுவிட்டு வருவதால் வரைபடத்தையும் ஒலிப்பதிவையும் முன்னாடியே இறக்கி வைத்திருக்க வேண்டும். அத்தை மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணை மூடியவர், ஊர் வந்ததும்தான் திறந்தார். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே விளையும் பயறு வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. சோறு, பயறுக் குழம்பு, கீரை, பச்சையாக அரைத்த காரமான தக்காளித் துவையல். பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள். வழியில் பசித்தால் பெட்டிக்கடைகளில் ‘போம்போன் பிமா’ கேளுங்கள். பருப்பும் பச்சை மிளகாயும் அரைத்துப் பொரித்தது, மசால் வடைக்கு அண்ணன் தம்பி. அத்தை ஒவ்வொரு ஊரிலும் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். சமோசாவும் உண்டு, உள்ளே என்ன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மேற்குக் கரையை நான் பெரிதாக ரசிக்கவில்லை. பவளத் திட்டுக்கு உள்ளே எர்மிதாஜ் கடற்கரை குழந்தைகளுக்கு நல்லது. சுறா தாக்குதல்களுக்குப் பிறகு 2013-ல் ஆணை போட்டு, இப்படிப்பட்ட இடங்களுக்கும் கண்காணிப்புள்ள பகுதிகளுக்கும் வெளியே கடலில் இறங்கத் தடை விதித்தார்கள். பலகையை மதியுங்கள். ஞாயிறன்று போனால் மரத்துக்கு மரம் குடும்பங்கள் பெரிய அண்டாவை வைத்துச் சமைப்பதைப் பார்க்கலாம், ஆனால் கார் நிறுத்த இடம் கிடைக்காது. இந்தப் பக்கத்தில் தவறவிடக்கூடாதது மைதோ முனை. சாலையே இல்லாத மஃபாத் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்கலாம். கீழே ஜனங்கள் வாழ்கிறார்கள், நடந்து போக வேண்டும் அல்லது ஹெலிகாப்டர். இதையும் புத்தகம் பதினோரு மணிக்குப் போட்டிருக்கிறது. நாங்கள் ஏழு மணிக்குப் போனோம்.

நெரிசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென் போல் பக்கமும் சென் தெனிக்குள்ளும் காலையிலும் மாலையிலும் வண்டி நகராது. ரேடியோ ஃப்ரீடம் என்று ஒரு வானொலி, ஜனங்கள் ஃபோன் செய்து எங்கே நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் பேசும் க்ரியோல் மொழி எங்களுக்குப் புரியாது, ஊர்ப் பெயர் காதில் விழுந்தால் போதுமே. கடைசி நாட்களில் இவர் ஆப்பை விட்டுவிட்டு இதைத்தான் கேட்டார்.

திரும்பி வந்ததும் பேக்கேஜ் விற்றவர்களுக்கு எழுதினேன். எதிர்ச்சுற்றுக்கும் ஒலிப்பதிவு போடுங்கள், மலை இடங்களை விடியலுக்கு மாற்றுங்கள், கோயிலைப் பற்றிச் சரியாகச் சொல்லுங்கள் என்று. “பரிசீலிக்கிறோம்” என்று பதில் வந்தது. அதுவரை வாங்குபவர்கள் காருக்கும் அறைகளுக்கும் கிரான் ப்ரூலேயில் அந்த ஒலிப்பதிவுக்கும் என்று நினைத்து வாங்குங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். தென்கிழக்குக் கரையை அடையும் வரை ஆப்பை அணைத்து வைத்துக்கொண்டு, மேற்கிலிருந்து ஆரம்பியுங்கள்; கிரான் ப்ரூலேயை மட்டும் ஆப்புக்காகக் கடிகாரச் சுற்றில் ஒரு தடவை ஓட்டுங்கள். பூர் முராவில் இரண்டு இரவு கேட்டு வாங்குங்கள். முதல் விடியலில் மேகம் இருந்தாலும் இன்னொரு விடியல் கையில் இருக்கும். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் விமானம் காலையில் என்றால் முந்தின இரவே சென் தெனி பக்கம் வந்துவிடுங்கள், டாங்க்கை நிரப்பியும் விடுங்கள்.